ஆனையிறவிலிருந்து போன ‘உது’

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுதில், இரு மருங்கும் நீர் விரிந்து கிடக்கும் ஆனையிறவு வெளியைப் பேருந்தில் கடந்துகொண்டிருந்த சமயத்தில், என் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் என்னிடம் தமிழ் படித்து, இப்போது ஜப்பானில் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்திருக்கும் கிளிநொச்சி மாணவி ஒருத்தி அதை அனுப்பியிருந்தாள். “ரீச்சர், இண்டைக்குத்தான் முதல் வகுப்பு. காலமையிலயிருந்து பின்னேரம் மட்டும் ஒரு சொல்லும் விளங்கேல்லை. நான் பிழையான இடத்துக்கு வந்திட்டனோ எண்டு பயமாக் கிடக்கு.”

பேருந்தின் குலுக்கத்தில் விரிவாக எழுத இயலாமல், “பயப்பிடாதை பிள்ளை, இரவைக்கு எழுதுறன்” என்று மட்டும் பதில் அனுப்பினேன். இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான், அவள் ஒருத்திக்கு மாத்திரம் எழுதி முடித்துவிடக்கூடிய விஷயம் அன்று இது என்று எனக்குத் தோன்றிற்று. ஜப்பானிய அரசாங்கம் 2019 ஆம் ஆண்டில் பிற நாட்டுத் தொழிலாளருக்கெனப் புதிய விசா வகையொன்றை ஏற்படுத்தியதன் பின், முதியோர் பராமரிப்பு முதலிய வேலைகளை நாடி அந்நாட்டு மொழியைக் கற்கும் இளைஞர்களை எங்கள் வன்னியிலும் காண்கிறேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இத்தகைய முதல் நாள் ஒன்று காத்திருக்கிறது. எனக்கு வாய்த்த முதல் நாளைப் பற்றி இதுவரையில் எங்கும் நான் எழுதியதில்லையாகையால், அவளுக்கு எழுதிய கடிதத்தையே சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

அந்த நாள் 2016 ஒக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. திகதி மறவாதிருப்பதற்குக் காரணம் உண்டு: அன்று விஜயதசமி. பிற நாட்டு ஆசிரியர்களுக்கென ஜப்பானிய அரசாங்கம் வழங்கும் ஒன்றரை வருஷப் புலமைப்பரிசிலைப் பெற்று, முப்பத்திரண்டு வயதில், அதற்கு முன் கொழும்பைத் தாண்டி எங்கும் பிரயாணம் செய்தறியாத நான் அங்கே போயிருந்தேன். அந்தப் பதினெட்டு மாதங்களுள் முதல் ஆறு மாதங்கள் மொழிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. முதல் நாள் திங்கட்கிழமை அவர்களுடைய விடுமுறை நாளாக அமைந்தபடியால் வகுப்பு செவ்வாயன்று தொடங்கியது. ஊரில் அதே வேளையில் பாடசாலைகளில் வாணி விழா முடிந்து, கோயில்களில் சிறு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைவோடுதான், வழி நெடுகிலும் கின்மொக்குசே என்னும் சிறிய செம்மஞ்சட் பூக்களின் வாசனை நிறைந்திருந்த தெருவில் நான் நடந்து போனேன்.

எனக்கு ஏடு தொடக்கியது 1988 ஆம் ஆண்டில், ஆனையிறவுக்குத் தெற்கே உமையாள்புரத்தில். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த என் அப்பு மடியில் என்னை இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் என் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தாராம். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை அவருடையது. அந்தக் கையின் சொரசொரப்பு மட்டும் எனக்கு ஞாபகமிருக்கிறது, எழுத்து ஞாபகமில்லை. இரண்டு வருஷங்களில் போர் மூண்டு உப்பளம் மூடப்பட்டது. 1991, 2000, 2009 என்று ஆனையிறவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்ட ஆண்டுகள் யாவும் எங்கள் குடும்பத்துக்கு மூட்டை கட்டிய ஆண்டுகளே. மர நிழல்களிலும் கிடுகுக் கொட்டில்களிலும் படித்து, அப்படிப் படித்தவர்களுக்கே ஆசிரியையாகவும் ஆகி, பதினொரு பாடசாலைகளைக் கண்டவளாகத்தான் அந்த ஜப்பானிய வகுப்பறையின் வாசலில் பாதரட்சையைக் கழற்றி வைத்தேன். பாதரட்சையைக் கழற்றும் வழக்கம் ஒன்றுதான் அங்கே நான் முன்பே அறிந்திருந்த ஆசாரம்.

வகுப்பில் ஒன்பது பேர் இருந்தோம். இந்தோனேசியா, மியன்மார், மெக்சிகோ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் தத்தம் தேசங்களில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசியே ஜீவனம் செய்தவர்கள். எங்களுக்குக் கற்பிக்க வந்த அம்மையார் அறுபதை அண்மித்தவர். சிறிய உருவம், தெளிந்த குரல். அவர் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் பேசத் தொடங்கியவர், அன்று மாலை வரையில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறெந்த மொழியிலும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கேட்டவருக்கும் ஜப்பானிய மொழியிலேயே, அதிக நிதானமாகவும் அதிகப் புன்னகையோடும், விடை வந்தது. அந்த மொழியை அந்த மொழியாலேயே கற்பிப்பது அங்கே நெடுங்காலமாக நிலைபெற்ற முறை என்பதைப் பின்னால் அறிந்தேன். அன்றோ அது கதவுகளெல்லாம் அடைத்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது போலிருந்தது.

அந்த முற்பகலில் நான் அடைந்த துக்கத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் என் மாணவி பயம் என்று எழுதியது உண்மையில் பயம் அன்று, இந்தத் துக்கந்தான். வயது வந்த ஒருவர், அதிலும் சொல்லாலேயே தம்மை நிலைநிறுத்திக்கொண்ட ஓர் ஆசிரியர், தம் பெயரையும் நாட்டையும் தவிர வேறொன்றையும் சொல்ல இயலாதவராகப் பிறர் முன் உட்கார்ந்திருக்கும்போது, அவர் அதுகாறும் சேர்த்துவைத்த அறிவு, அநுபவம், பரிகாசம் செய்யும் ஆற்றல், ஆறுதல் கூறும் ஆற்றல் ஆகிய யாவும் அவருக்குள்ளேயே பூட்டுண்டு கிடக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு மியன்மார் ஆசிரியை கண் கலங்கியதைப் பார்த்தேன். ஊராயிருந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தேற்றியிருப்பேன். அங்கே என்னிடம் அந்த ஒரு வார்த்தை இருக்கவில்லை. என் தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவே முடிந்தது.

அந்த நேரத்தில் எனக்குத் துணையாக வந்தவர், முந்நூறு வருஷங்களுக்கு முன் தமிழ் படிக்க வந்த ஒரு ஜெர்மானியர். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில், இருபத்து நான்கு வயதை எட்டும் தறுவாயில், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தேவாலயப் பணிக்கெனக் கல்வி பயின்று வந்த அந்த வாலிபர், ஊர்த் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, அவர்கள் மணலில் விரலால் எழுதிய எழுத்துக்களைத் தாமும் மணலில் எழுதிப் பழகினார் என்ற செய்தியைப் பயிற்சிக் கலாசாலையில் நான் படித்திருந்தேன். அக்காலத்தில் அது ஒரு பரீட்சைக் குறிப்பாக மாத்திரமே என் மனத்தில் தங்கியிருந்தது. அதே மனிதர்தாம் பத்தே வருஷங்களுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றியதோடு, 1716 இல் ஹாலே நகரில் தமிழ் இலக்கணமொன்றை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். ஆனால் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இலக்கணம் அன்று, அந்த மணல். அந்தச் சிறுவர்களுள் ஒருவனாவது இந்த நெடிய வெள்ளைக்காரரின் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பான். அவரும் அவன் சிரிப்பதைக் கண்டு அழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்களிலும் அத்தகையோர் இருந்தனர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்து, தமிழைக் கற்று, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே போதிக்கும் அளவுக்கு உயர்ந்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கியளித்தார். அதே மிஷனின் மிரன் வின்சுலோ 1862 இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000 க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அந்தப் பெரும் புத்தகத்துக்குப் பின்னாலும், ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு முதல் நாள் இருந்தேயிருக்கும். எங்கள் மொழியின் வாசலில் அவர்கள் பட்டதைத்தான் இன்னொருவர் மொழியின் வாசலில் நாங்கள் படுகிறோம்.

பதினொரு மணியளவில் அம்மையார் ஓர் எழுத்து அட்டவணையைக் கரும்பலகையில் தொங்கவிட்டார். ஹிராகானா என்னும் நாற்பத்தாறு எழுத்துக்கள். அவை எனக்கு முன்பே ஓரளவு பரிச்சயமானவை. விமானம் ஏறுமுன் மனனம் செய்ய முயன்று பாதியைத் தொலைத்திருந்தேன். ஆனால் தனித்தனி வடிவங்களாகக் கண்களால் மனனம் செய்த எனக்கு, அவர் பிரம்பை வைத்து வரிசை வரிசையாக உரத்து ஒலித்தபோதுதான் காது திறந்தது. முதல் வரிசை அ, இ, உ, எ, ஒ. எங்கள் குற்றெழுத்துக்கள் ஐந்தும், எங்கள் வரிசையிலேயே! அடுத்து க, கி, கு, கெ, கொ. அதற்கடுத்து ஸகரம்; பின் தகரம், நகரம், ஹகரம், மகரம், யகரம், ரகரம், வகரம். ஹகரத்தின் இடத்தில் முற்காலத்தில் ஒலித்தது பகரமே என்று அவர்களுடைய மொழி நூலார் கூறுகின்றனர் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அப்படி வைத்துப் பார்த்தால் க ச த ந ப ம ய ர வ. எங்கள் நெடுங்கணக்கிலிருந்து அவர்களிடம் இல்லாத ஒலிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை இடம் மாற்றாமல் வைத்தது போன்ற ஒழுங்கு. அட்டவணையின் கடைசியில் தனியே நின்ற எழுத்தோ ‘ன்’. எங்கள் மெய்யெழுத்துக்களிலும் இறுதியானது அதுவே. அந்தக் கடைசிப் பொருத்தம் தற்செயலானது. மற்றவை தற்செயலானவை அல்ல.

புத்த சமயத்தின் வழியே சமஸ்கிருத எழுத்தும் ஒலி நூலும் சீனத்துக்கும் அங்கிருந்து ஜப்பானுக்கும் சென்றன. மந்திரங்களைப் பிழையறச் சொல்ல வேண்டிய துறவிகள் அவற்றைக் கற்றனர். தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் அந்த ஒலி வரிசையின்படியே தங்கள் எழுத்துக்களையும் அமைத்தனர். 736 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து போதிசேனர் என்ற துறவி ஜப்பானை அடைந்தார். 752 இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தின் மகா புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நிறைவேற்றியவர் அவரே. எங்கள் சிற்பிகளும் சிவாசாரியர்களும் நயனோன்மீலனம் என்று வழங்கும் அதே கிரியையைக் கடல்கள் தாண்டிய ஒரு தேசத்தில் நிகழ்த்திய அந்த மனிதரும், கப்பலிலிருந்து இறங்கிய அன்று யாருடைய பேச்சும் விளங்காமல்தானே நின்றிருப்பார்!

விஜயதசமியன்று, முப்பத்திரண்டு வயதில், ஒரு கிழவியம்மையார் பிரம்பால் சுட்டிக்காட்ட, ‘அ’ என்று நான் மறுபடி உரத்துச் சொன்னேன். மேசையில் தாள் இருந்தது, பென்சில் இருந்தது, அரிசி இருக்கவில்லை. விரலைப் பிடித்துக்கொள்ள அப்புவும் இருக்கவில்லை. ஆனாலும் அவருடைய கை என் கையின்மேல் இருப்பதாகவே அந்தக் கணத்தில் உணர்ந்தேன்.

பிற்பகலில் நடந்ததைத்தான் என் மாணவிக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பினேன்.

அம்மையார் தம் கையிலிருந்த பேனாவை உயர்த்தி, “கொரெ” என்றார். பின்னர் என் அருகில் நின்று, என் முன்னாலிருந்த புத்தகத்தைச் சுட்டாமல், திரும்பத் தம் மேசைக்கே போய் நின்றுகொண்டு, அங்கிருந்தபடி என் புத்தகத்தைக் காட்டி, “ஸொரெ” என்றார். யன்னலுக்கு வெளியே, அவருக்கும் தூரமாய் எங்களுக்கும் தூரமாய் நின்ற மரத்தைக் காட்டி, “அரெ” என்றார். அடுத்து, கைகளை விரித்துக் கேள்வி முகத்தோடு, “தொரெ?” என்றார். இதைப் பலமுறை செய்து காட்டினார். வகுப்பில் குழப்பம் உண்டாயிற்று. இது, அது என்று இரண்டே சுட்டுக்களை உடைய மொழிகளைப் பேசுவோருக்கு ‘ஸொரெ’ நிற்பதற்கு இடமே கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த கணித ஆசிரியர் என் பக்கம் குனிந்து, மெல்ல, “டீச்சர், கொரென்னா இது, அரென்னா அது. நடுவுல இந்த ஸொரெ எதுக்குங்க?” என்று கேட்டார்.

ஒரு நிமிஷமும் யோசியாமல் என் வாயிலிருந்து வந்தது: “அது உது.”

“உதுவா? உதுன்னா?”

அவர் கேட்டபோதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கிற்று. தொல்காப்பியமும் நன்னூலும் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்துக்களாகவே கூறுகின்றன. தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து உகரச் சுட்டு எப்போதோ மறைந்துபோய் இலக்கணப் புத்தகத்தில் மட்டும் எஞ்சியிருக்க, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாங்கள் இன்றும் அதனோடுதான் கண்விழிக்கிறோம். என் கையிலிருப்பது இது. உன் கையிலிருப்பது உது. இருவருக்கும் எட்டாததாய் அங்கே கிடப்பது அது. “உதை இஞ்சை தா” என்று கேட்டால் உன்னிடமிருப்பதைத் தா என்று பொருள். உவன், உவள், உவை, உங்கை, உப்பிடி என்று உகரத்துக்கு ஒரு குடும்பமே எங்கள் வீடுகளில் வாழ்கிறது. அம்மையார் வகுப்பு முழுவதற்கும் விளக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அந்தப் பேதத்தை உமையாள்புரத்தில் மூன்று வயதுக் குழந்தையும் பிழையின்றிப் பிரயோகிக்கும். கொரெ, ஸொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. தூரத்துக்கு அவர்களும் அகரத்தையே வைத்திருக்கிறார்கள்!

கணித ஆசிரியருக்குப் பேனா, புத்தகம், மரம் ஆகியவற்றைக் கொண்டே விளக்கினேன். அவர் முகம் மலர்ந்து, “எங்க தமிழ் வாத்தியார் உகரச் சுட்டு நடத்தினப்போ இதை யாரு பேசப்போறாங்கன்னு நெனச்சேன், நீங்க வீட்ல பேசறீங்க!” என்றார். அவர் மகிழ்ந்தார், எனக்கோ மகிழ்ச்சியோடு வேறொன்றும் வந்தது. ஏழு வருஷங்களாக என் மாணவர்களின் கட்டுரைக் கொப்பிகளில் ‘உது’ வந்த இடமெல்லாம் நான் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘அது’ என்று திருத்தியிருக்கிறேன். பேச்சு வழக்கு எழுத்தில் வரலாகாது என்ற விதியின்படி அது நியாயமான திருத்தமே. ஆயினும் அந்தப் பிள்ளைகள் கைவிடும்படி நான் பழக்கியது, தொல்காப்பியர் காலத்திலிருந்து எங்கள் வளவுகளில் அறாமல் வந்த ஒரு சொத்து என்பதை ஒரு தடவையாவது அவர்களுக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. இப்போது அந்தச் சொல்லை எழுத்தில் திருத்தினாலும், திருத்திய பக்கத்தின் ஓரத்திலேயே அதன் வரலாற்றையும் இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன்.

இதற்குள், தமிழும் ஜப்பானியமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லப் புறப்படுகிறாளோ என்று சிலர் ஐயுறலாம். அப்படிச் சொன்ன பெரியவர் ஒருவர் இருந்தார். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அந்தக் கொள்கைக்காகவே தம் பிற்காலத்தைச் செலவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் தோக்கியோவுக்குச் சென்று அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். சொற்களை மாத்திரமல்லாமல், எங்கள் தைப்பொங்கலையும் அவர்களுடைய புத்தாண்டு வழக்கங்களையுங்கூட அவர்கள் ஒப்பிட்டார்கள். மொழியியலாளர் பெரும்பாலார் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அவர்களுடைய மறுப்பு வலுவானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு இரத்த உறவு வேண்டியதில்லை. நடை ஒத்திருந்தாலே போதும். ‘வதஷி வ கொஹன் ஒ தபெமஸு’ என்றால் ‘நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்’. முதலில் எழுவாய், இடையில் செயப்படுபொருள், அதன் பின்னே ஒட்டிக்கொண்ட உருபு, கடைசியில் வினை. எந்தச் சொல்லையும் இடம் பெயர்க்க வேண்டியதில்லை. ‘கொஹன்’ என்பது சோற்றையும் குறிக்கும், சாப்பாட்டையும் குறிக்கும். கேள்வி கேட்பதற்கு வாக்கியத்தைத் தலைகீழாக்க வேண்டாம், நாங்கள் “குளிரோ?” என்று ஓகாரத்தை இறுதியில் சேர்ப்பது போல அவர்கள் ‘கா’ என்று சேர்ப்பார்கள். ஆங்கிலம் படிக்கையில் வாக்கியத்தை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்த எனக்கு, இங்கே முடிச்சுக்கள் எல்லாம் கைக்குத் தெரிந்த முடிச்சுக்களாக இருந்தன. எளிதென்று சொல்லவில்லை. அன்றாடப் பாவனைக்கென அவர்கள் வகுத்திருக்கும், காஞ்சி என்னும் சீனவழி எழுத்துக்கள் மட்டுமே 2,136. அவற்றுள் பாதியைக்கூட நான் இன்னும் எட்டவில்லை.

மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவரும் எழுந்து தம் ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ரீலங்கா என்றேன். அம்மையார் தேசப்படத்தை நீட்டி, எவ்விடம் என்று சைகையால் கேட்டார். வடக்கே, குடாநாடும் பெருநிலமும் ஒட்டிக்கொள்ளும் ஒடுக்கமான அந்தப் புள்ளியில் விரல் வைத்து, “ஆனையிறவு” என்றேன். அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பொருளைச் சொல்ல எனக்கு வார்த்தை ஏது? சோக்கட்டியை வாங்கி ஒரு யானையும், அதன் கால்களுக்குக் கீழே அலையும், முன்னும் பின்னும் இரண்டு கரைகளும் வரைந்தேன். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை அந்த ஆழமற்ற நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி விற்ற காலங்கள் இருந்தன. பறங்கியரும் ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தால் பெரும் பொருள் ஈட்டினர். ‘இற’ என்னும் வினைக்குப் பழந்தமிழில் கடத்தல் என்பதே பொருள். கடந்துபோன காலத்தை இறந்த காலம் என்று நாங்கள் சொல்வதும் அதனாலேயே. வீதியோரப் பலகையில் மும்மொழியிலும் எழுதியிருக்கும் பெயர்களைப் பாருங்கள்: சிங்களத்தில் அலிமங்கட, ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ். மூன்றும் ஒரே யானையின் பின்னால்தான் போகின்றன.

“ஜோ!” என்றார் அம்மையார், என் யானையைக் கண்டு குழந்தை போல மகிழ்ந்து. அதன் அருகிலேயே யானையைக் குறிக்கும் காஞ்சி எழுத்தை எழுதி, மேற்கோடு துதிக்கை, கீழ்க்கோடுகள் கால்கள் என்று சுட்டிக் காட்டினார். என் வாழ்நாளில் நான் கற்ற முதல் காஞ்சி அதுவே. வகுப்புத் தோழர்கள் தண்ணீரின்மேல் புள்ளி புள்ளியாக நான் இட்டிருந்தவை என்னவென்று கேட்டார்கள். விரலை நாவில் வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டினேன். “ஷியொ” என்றார் அம்மையார்: உப்பு.

அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது, கடலின் ஏற்றவற்றத்துக்கும் அவர்களிடம் ‘ஷியொ’ என்ற சொல்லே வழங்குவதைக் கண்டு, வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன். ஆனையிறவில் கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சிவிட்டால், கோடை வெயிலும் சோழகக் காற்றும் மற்றதைச் செய்து முடிக்கும். படிந்த உப்பை வாரிக் குவிப்பதுதான் மனிதன் வேலை. ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரினும் ஆக்குவதற்கு அந்த உப்பே போயிற்று. மழை மிகுந்த ஜப்பானில் வெயிலை மட்டும் நம்ப முடியாமையால், பழைய நாட்களில் மணலில் கடல்நீரைத் தெளித்து உலர்த்தி, அந்த மணலைக் கழுவி வடித்த உவர்நீரை அடுப்பேற்றிக் காய்ச்சினார்கள். விறகின் செலவும் புகையின் வேதனையும் அவர்கள் உப்பில் சேர்ந்திருந்தன. நீரையும் அதில் விளைவதையும் ஒரே சொல்லால் அழைத்த அந்தப் பழைய ஜப்பானியனோடு என் அப்புவை உட்கார்த்தி வைத்தால், மொழி தெரியாமலே இருவரும் நெடுநேரம் சம்பாஷித்திருப்பார்கள் என்று தோன்றிற்று.

ஆகையால், என் மாணவிக்கு நான் எழுதிய யோசனை ஒன்றே ஒன்று: காலையில் வகுப்புக்குப் போகும்போது ஊர்ப்பேச்சை விடுதியறையில் பூட்டிவிட்டுப் போகாதே. புதிய சொல் வந்தால் அதை ஆங்கிலத்திலோ பாடப்புத்தகத் தமிழிலோ மட்டும் எழுதி வைக்காமல், அம்மம்மா என்ன சொல்லுவா என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுது. மீன்களுக்கும் காற்றுக்கும் சோற்றின் பதத்துக்கும் அந்தச் சொற்கள் தாம் அங்கே உதவும். தவறாகப் பேசு, நிறையப் பேசு, சிரித்தால் சிரிக்கட்டும், மணலை அழித்து மறுபடி எழுதலாம்.

அன்றைய தினத்தின் கடைசிக் காட்சியையும் அவளுக்கு எழுதினேன். இரவு ஒன்பதரை மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்தா. ஊரில் மாலை ஆறு மணி. கோயில் மணி ஓசை பின்னால் கேட்டது. பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு அன்று காலை ஏடு தொடக்கியதையும், அவன் அரிசியைத் தின்னப் பார்த்ததையும் சொன்னா. பகலெல்லாம் பூட்டிக் கிடந்த சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு என்னிடமிருந்து புறப்பட, பேனாவையும் யானையையும் பற்றி நான் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டா:

“அதெல்லாம் சரி பிள்ளை, உங்கை இப்ப குளிரோ?”

உங்கை. நான் இருக்கும் இடம்; அவ இல்லாத இடம். கையெட்டில் கிடந்த கொப்பியைத் திறந்து, அன்று படித்தவற்றின் கடைசி வரியில், ‘ஸொரெ’யின் இனமான ‘ஸொகொ’ என்று எழுதி, அதன் அருகே அம்மாவின் சொல்லை எழுதினேன்.

“ஓம் அம்மா,” என்றேன், “இஞ்சை நல்ல குளிர்.”